இல்லை என்று சொல்லாதவள்

அன்புள்ள சித்தி,

எல்லோரும் தூங்கிவிட்டார்கள். போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா வேலை பார்க்கும் ராடார் நிலையத்தில், ரகசியப் பணிக்குத் தேவையான பாதுகாப்பு அனுமதியை அவளுக்கு மறுத்துவிட்டார்கள். வெளிநாட்டில் நீங்கள் இருப்பதுதான் காரணம். மேல்முறையீட்டிலும் மறுத்தால் வேலை போய்விடும்.

"தங்கச்சியோட பேச்சே இல்லைன்னு சொல்லியிருக்கலாம்ல?" என்றார் அப்பா.

"வாரா வாரம் பேசுறவளை எப்படிங்க இல்லைங்கிறது? அவ வீட்டுக்காரர் அங்க பட்டாளத்துல இருக்கறதையும் சொல்லிட்டேன்."

"நீ அரிச்சந்திரனுக்கே அக்கா."

அம்மா சிரித்தாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது.

நாளை மேல்முறையீட்டை விசாரிக்கும் அதிகாரி வீட்டுக்கு வருகிறார். என்னையும் கேட்பாராம். நானும் அம்மா மாதிரியே உங்களைப் பற்றிச் சொல்வேன். யாருக்கும் தெரியாமல் எழுதிய இந்தக் கடிதத்தையும் சொல்லிவிடுவேன்.

உங்கள் அக்கா மகள்