ஷைமா தேறிவிட்டாள்

என் கண்ணான வஜ்திக்கு அம்மா எழுதுவது. மஸ்கட் வெயிலில் உன் உடம்பும் மனசும் வாடாமல் இருக்க அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். இங்கே நம்ம ஊர் தன்தாவில் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரமாட்டேன் என்கிறது. போனில் சொல்லலாமென்றால் உன் தங்கை ஷைமா என் தோளை விட்டு நகர்வதில்லை, அவள் காதில் விழக்கூடாத சேதி இது.

பன்னிரண்டு வயதாகியும் அவளுக்கு எதுவும் மெதுவாகத்தான் புரியும் என்பது உனக்குத் தெரியும். இதுவரை பரீட்சையில் ஓர் ஆசிரியை பக்கத்தில் உட்கார்ந்து கேள்வியை வாசித்துக் காட்டுவார், தாளும் எளிதாக இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டுதான் இந்த வகுப்பு வரை வந்தாள். இந்த வருஷம் புது உத்தரவு வந்தது, அப்படிப்பட்ட பிள்ளைகளெல்லாம் மறுபடி அறிவுச் சோதனைக்கு வரவேண்டுமாம், குறைந்த மதிப்பெண் வாங்கினால்தான் சலுகையாம். உன் அப்பா அதையெல்லாம் எங்கே முழுசாகக் கேட்டார்? சோதனை என்றதுமே, நம்ம வீட்டுல டியூஷன் இல்லாம யாரு பரீட்சைக்குப் போயிருக்கா, என் பொண்ணு மட்டும் என்ன இளக்காரமா என்று ராகிப் வாத்தியாரைக் கூட்டிவந்துவிட்டார். அவர் சோதனையில் வருகிற மாதிரிப் படங்களைக் காட்டிக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார். எந்தப் பாடமும் தங்காத அந்தத் தலையில் அந்தப் படங்கள் மட்டும் எப்படியோ தங்கிவிட்டன வஜ்தி. நிறைய மதிப்பெண் வாங்கிவிட்டாள். அப்பா தெரு முழுக்க பஸ்பூசா இனிப்பு கொடுத்தார், நானும் பால்கனியில் நின்று குலவையிட்டேன், கீழ்வீட்டு உம்மு ஹிஷாம்கூட, என்னடி இன்ஷிராஹ், பொண்ணு டாக்டராயிட்டாளா என்று கேலி செய்தாள்.

மறுவாரம் தலைமை ஆசிரியை கூப்பிட்டு, இனி உங்க பொண்ணும் மத்தப் பிள்ளைங்க மாதிரிதான், துணைக்கு யாரும் வரமாட்டாங்க என்றார். ஐயோ, அவளைப் பாத்தா தெரியலையாம்மா என்று கெஞ்சினேன். எனக்குத் தெரியுது, சோதனைத் தாளுக்குத் தெரியலையே, நான் என்ன பண்ண என்றார் பாவம். அரையாண்டுப் பரீட்சையில் ஷைமா தன் பெயரை மட்டும் எழுதிவிட்டு, யாராவது வந்து பக்கத்தில் உட்காருவார்கள் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். ஆண்டு முடிவிலும் இப்படியே ஆனால் அவளுக்குப் பள்ளிக்கூடம் அவ்வளவுதான்.

விடுமுறைக்குப் பிறகு இன்னொரு தடவை சோதிப்பார்கள், அதுதான் கடைசி. அதனால் உன் அப்பா இப்போது அவளை எதிரில் உட்காரவைத்து, படத்தைக் காட்டினா தெரியாதுன்னு சொல்லும்மா என்று சொல்லிக்கொடுக்கிறார். அவள் எனக்குத் தெரியுமேப்பா என்கிறாள். சரியாகச் சொல்லிவிட்டு பஸ்பூசாவுக்குக் கை நீட்டுகிறாள். நேற்று அவர் அதட்டிவிட்டார். அழுதுகொண்டே மறுபடியும் சரியாகத்தான் சொன்னாள். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எனக்கு எந்த வழியும் தெரியவில்லை மகனே.

நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் தலையை மூடிக்கொள். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் உன் கைக்குப் பரக்கத்தும் தரட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, வெள்ளிக்கிழமை போன் செய்யும்போது ஷைமா அந்தப் படங்களைப் பற்றி உன்னிடம் சொல்லவருவாள். கெட்டிக்காரி என்று மட்டும் சொல்லிவிடாதே.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
இன்ஷிராஹ்