மலரின் நாற்பதாம் பக்கம்

நண்பா,

இந்த ஆண்டுத் தைப்பூச மலர் காலையில் அச்சகத்திலிருந்து வந்திறங்கியது. கட்டைப் பிரித்ததும் மை வாடை மூக்கில் ஏறியது. மூக்கைப் பொத்திக்கொண்டு கட்டைத் தள்ளி வைத்தேன். மலராசிரியனுக்கே மலர் வாடை ஆகவில்லை என்று நீ இருந்தால் கேலி செய்திருப்பாய்.

அப்போது நாம் இருவரும் பட்டர்வொர்த் பக்கத்துப் பாகான் டாலாமிலிருந்து ஒரே ஃபெரிப் படகில் கடல் தாண்டிக் கல்லூரிக்கு வருவோம். நீ கணினி விரிவுரையாளர், நான் கணக்கு. கணினித் திரையில் தமிழைப் பார்க்கவே முடியாத காலம் அது. நீ வீட்டு மேசையில் மூன்று ஆண்டுகள் மல்லுக்கட்டி, தமிழ் எழுத்தைக் காட்டும் மின்சுற்று அட்டை ஒன்றைச் செய்தாய். திரையில் முதல் 'அ' வந்தபோது உன்னைக் கட்டிக்கொண்டேன்.

அதற்குக் காப்புரிமை வாங்கிவிட வேண்டும், உன் பெயரில் இது ஒன்றாவது இருக்க வேண்டும் என்பதுதான் உன் ஆசை. அந்த ஆண்டுத் தைப்பூச மலருக்கு அட்டையின் வரைபடம் வேண்டுமென்று நான்தான் நச்சரித்தேன்.

"மனு போடறதுக்கு முன்னால வெளியிடக் கூடாதுலா. புதுசா இருந்தாத்தான் பேட்டன் கெடைக்கும். ஊருக்கே தெரிஞ்சிட்டா அது புதுசு இல்ல."

"கோயில் மலர்தானேடா? அதுவும் தமிழ்ல. யாரு பாக்கப் போறா?"

நீயும் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டாய். அந்தப் பூசத்தில் தண்ணீர்மலைக் கோயிலுக்கு ஏறியவர்கள் கையிலெல்லாம் உன் வரைபடம் வந்த நாற்பதாம் பக்கம் இருந்தது.

அட்டையைச் செம்மைப்படுத்துவதில் இரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. பிறகுதான் கோலாலம்பூரில் ஒரு காப்புரிமை முகவரைப் பார்த்தோம். இதை எங்காவது வெளியிட்டிருக்கிறீர்களா என்று அந்தச் சீனர் கேட்டார். மேசைக்கடியில் உன் காலை மிதித்தேன். நீ பையிலிருந்து மலரை எடுத்து அவர் முன்னால் வைத்தாய். தமிழில் ஓர் எழுத்தும் தெரியாத அவர், வரைபடத்தையும் மலரின் முகப்பிலிருந்த ஆண்டையும் மட்டும் பார்த்தார். எந்த மொழியில் வந்தாலும் வெளியீடுதான், வெளியிட்ட ஓராண்டுக்குள் மனு போட வந்திருந்தால் வழி இருந்திருக்கும் என்றார்.

"இல்லன்னு சொல்லியிருக்கலாம்லா" என்றேன் பேருந்தில்.

"அப்புறம் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு கிளாஸ்ல பேட்டன் பாடம் எடுக்கிறது?"

மலரை மறுபடி பையில் வைத்து மூடினாய்.

அந்த அட்டையை நீ மறுபடி தொடவேயில்லை. ஆனால் ஆண்டுதோறும் அந்தப் பாடத்துக்கு மலரை எடுத்துப் போனாய். ஒருமுறை வகுப்புக்கு வெளியே நின்று கேட்டேன். "இதப் போட்ட முட்டாள் நான்தான்" என்று மாணவர்களிடம் சொன்னாய். என் பெயர் உன் வாயில் வரவில்லை. உள்ளே வந்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். கோழை மாதிரி திரும்பி நடந்துவிட்டேன். நெஞ்சுவலியில் நீ போன அன்று, உன் மனைவியிடமும் சொல்ல வாய் வரவில்லை.

இந்த ஆண்டு மலரின் நாற்பதாம் பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். வரைபடத்தைக் கேட்டு வாங்கியவன் நான். தமிழில் வந்தால் கணக்கில்லை என்று நினைத்தவனும் நான். தமிழுக்காக நீ பாடுபட்டதை அந்த நினைப்புதான் கெடுத்தது.

யாரு பாக்கப் போறா என்றேனே, அந்தச் சொல் இன்னும் என்னை விடவில்லை. இந்தப் பக்கத்தை எல்லாரும் பார்ப்பார்கள், நீ ஒருவனைத் தவிர.