கூடைக்குக் கீழே தெரிந்த தரை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீ நலமா என்று போனில் கேட்டால் மழுப்புவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

உன் ஒயர் கூடைக்குப் புது டிசைன் கேட்டாயே என்று, வேலைக்குப் போகும் வழியில் ஒரு பங்களாவின் ஜன்னல் கம்பியைப் படமெடுத்தேன். காவலாளி ஓடி வந்தார்.

"ஏம்மா, ஜன்னலை மட்டும் எதுக்குப் புடிக்கிற? நோட்டம் பாக்குறியா?"

"எங்கம்மா கூடை பின்னுறதுக்குங்க" என்று, போன வாரம் நீ அனுப்பிய கூடைப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவருடைய சந்தேகம் மட்டும் என்னைத் தொற்றிக்கொண்டது.

அந்தப் படத்தில் கூடைக்குக் கீழே கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட தரை. நம் வீட்டில் சிவப்பு சிமெண்டுத் தரைதானே? ஓரத்தில் சக்கரம் வைத்த இரும்புக் கட்டிலின் கால் வேறு. அப்பாவைக் கேட்டால், "எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம்" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். ஒரு தடவை சொல்லவே வாய் திறக்காத மனுஷன்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறீர்கள் இரண்டு பேரும்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. எனக்குச் சாப்பாடு கொண்டுபோக ஒரு சின்னக் கூடை வேண்டும். அவசரமில்லை அம்மா. குணமாகி வீட்டுக்குப் போய், நம் சிவப்புத் தரையில் உட்கார்ந்து பின்னினால் போதும்.

உன் மகள்