மை பூசாத ஓலை

சேலம்
1927, ஆவணி 12

பாவாயிக்கும் நம் சின்னக்கண்ணுவுக்கும் மாதேஸ்வரன் எழுதிக்கொண்டது.

உடம்புக்கு ஒன்றும் இல்லை. மரக்கிடங்கில் தூக்கித் தூக்கித் தோள் மட்டும் என்னுடையது போல இல்லை. மாடு செத்த வருஷம் மலையை விட்டு இறங்கினேன். புது மாட்டோடு வருகிறேன் என்று நான் சொன்னது உனக்கே மறந்திருக்கும்.

போன மூன்று கடிதத்தில் கேட்டதைத்தான் இப்போதும் கேட்கிறேன். குழந்தைக்கு ஒன்பது வயது முடிந்துவிட்டது. கிடங்குக்கு அடுத்த தெருவில் பெண்பிள்ளைகளுக்கென்றே ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. பெஞ்சியில் உட்காருகிறார்கள். ஆளுக்கொரு சிலேட்டு. படத்தைக் காட்டிப் பாடம் சொல்கிறார்கள். மேஸ்திரி வீட்டம்மாள் தன் பிள்ளைகளோடு அவளையும் வைத்துக்கொள்கிறேன் என்கிறார். அங்கே மணலில் விரலைத் தேய்த்துக்கொண்டு, அர்த்தனாரி வாத்தியார் பாடுவதைத் திருப்பிப் பாடிக்கொண்டு எத்தனை நாள் இருப்பாள்? நான் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவன். முப்பது வயதில் மேஸ்திரியைக் கெஞ்சி எழுத்துக் கற்றேன். அந்தக் கூச்சம் அவளுக்கு வேண்டாம்.

சரி என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு.

மாதேஸ்வரன்


எடப்புளி நாடு
புரட்டாசி 3

சின்னக்கண்ணுவின் அப்பாவுக்குப் பாவாயி சொல்லி எழுதுவது.

செங்கோடன் அண்ணன் சேந்தமங்கலம் சந்தைக்குப் போனபோது உங்கள் கடிதத்தை வாங்கி வந்தார். சாமைக்குக் களை எடுத்தாகிவிட்டது. இனிக் கதிர் முற்றும்வரை பன்றியை விரட்டவேண்டும். குழந்தையும் கூடக் களை பறித்து விரலெல்லாம் வீங்கிக் கிடக்கிறது. களியைக்கூடப் பிசைந்து தின்ன முடியவில்லை. "களை பறிச்சது, சரியாயிரும்மா" என்கிறாள்.

இந்தச் சுற்றுவட்டத்தில் பெண்பிள்ளைக்கு எழுத்துச் சொல்லித்தருகிறேன் என்று யார் வந்தார்கள்? ஊரில் நாலு பேர் சிரித்தும், வாத்தியார் பையன்களுக்கு நடுவே இவளையும் உட்கார வைத்தார். இவள் வாய்ப்பாடு சொன்னால் மிளகு வாங்க வருகிற யாவாரிகூடத் தராசை நேராகப் பிடிக்கிறான். அதைப் பார்க்கிறபோது எனக்கு நெஞ்சு நிறைகிறது. அந்தப் பெஞ்சியும் சிலேட்டும் இதைவிட என்ன தந்துவிடும்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அவளும் இறங்கிவிட்டால் இந்த வீட்டில் நான் யாரோடு பேசுவது? கேட்டுக் கேட்டு நீங்கள் களைத்திருப்பீர்கள். சொல்லிச் சொல்லி நானும்தான்.

பாவாயி சொல்ல, அர்த்தனாரி எழுதியது.


சேலம்
புரட்டாசி 20

பாவாயிக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். அது உன் கடிதம்தானா என்பதே எனக்குச் சந்தேகம். வாத்தியாரின் பள்ளிக்கூடம் நல்லது என்று வாத்தியார் கையாலேயே எழுதி வருகிறது. நீ ஒன்று சொல்ல அவர் ஒன்பது எழுதினால் உனக்கு எப்படித் தெரியும்?

ஒன்று செய். குழந்தை தன் கையால் எழுதட்டும். யாரும் பக்கத்தில் நிற்கவேண்டாம், யாரும் சொல்லித்தரவேண்டாம். அவள் எழுதியதைப் பார்த்து, படிப்பு ஏறியிருக்கிறது என்று தெரிந்தால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

மாதேஸ்வரன்


எடப்புளி நாடு
ஐப்பசி 8

சின்னக்கண்ணுவின் அப்பாவுக்கு,

நீங்கள் எழுதியதை எனக்கு வாத்தியார்தான் படித்துக் காட்டினார். ஒரு சொல் விடாமல் படித்தார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இனி எழுதும்போது அதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டபடி குழந்தை எழுதிவிட்டாள். அவளுக்குக் காகிதத்தில் பழக்கமில்லை. எழுத்தாணியால் ஓலையில்தான் எழுதுவாள். இரண்டு நாள் பலாமரத்தடியில் உட்கார்ந்து எழுதினாள். என்னையும் கிட்ட விடவில்லை, வாத்தியாரையும் விடவில்லை. அவளே நூல் சுற்றி, துணியில் வைத்துத் தைத்துக் கொடுத்தாள். இந்தக் கடிதத்தோடு வருகிறது. பார்த்துவிட்டு, சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள்.

பாவாயி சொல்ல, அர்த்தனாரி எழுதியது.


சேலம்
ஐப்பசி 25

பாவாயிக்கு,

துணியைப் பிரித்தேன். இரண்டு வெற்று ஓலை. வெயிலில் பிடித்துப் பார்த்தால் கோழி கிளறியது போல ஏதோ கீறல் தெரிகிறது. எழுத்து ஒன்றுகூட இல்லை. பெண் எழுதிய ஓலை என்று பெருமையாக மேஸ்திரி கையில் வேறு கொடுத்துவிட்டேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் கையிலேயே வைத்துவிட்டுப் போனார். அவர் சிரித்திருந்தாலும் தாங்கியிருப்பேன்.

மூன்று வருஷம் மணலில் உட்கார்ந்ததற்கு இதுதானா கண்டது? இனிக் கேட்பதாக இல்லை. தை முதல் வாரம் வந்து குழந்தையைக் கூட்டிப்போகிறேன். அழுதாலும் சரி, ஆள் வைத்துப் பேசினாலும் சரி.

மாதேஸ்வரன்


எடப்புளி நாடு
கார்த்திகை 11

சின்னக்கண்ணுவின் அப்பாவுக்கு,

வந்து கூட்டிக்கொண்டு போங்கள். எனக்குப் பேச வலுவில்லை. சாமைக் கதிரைப் பாதி பன்றி தின்றுவிட்டது. மிச்சத்தை நானும் அவளும் அறுத்தோம். "அப்பா ஓலையைப் படிச்சாராம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "ஒண்ணுமே தெரியலையாமா கண்ணு" என்று சொன்னேன். அன்றையிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

அவளுக்கு இரண்டு பாவாடைதான் இருக்கிறது. துவைத்து வைக்கிறேன்.

பாவாயி

இது அர்த்தனாரி நானாக எழுதுவது. பாவாயி எழுதச் சொல்லவில்லை. ஓலையில் எழுதியது மை பூசினால்தான் கண்ணுக்குத் தெரியும். பூச மறந்திருக்கிறாள் போலும். தங்களுக்குத் தெரிந்திருக்கும் என்றும் எண்ணியிருக்கலாம். விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து ஓலைமேல் தேய்த்து, துணியால் துடைக்கவும். என் மாணவி எழுதியது வெற்று ஓலை அல்ல என்பது அப்போது விளங்கும். பிறகு தங்கள் இஷ்டம்.
அர்த்தனாரி


அப்பாவுக்குச் சின்னக்கண்ணு எழுதியது.

நான் நல்லா இருக்கிறேன். பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் தெரியும். இந்த ஓலைக்கு மை பூசவில்லை. பூசினால் வாத்தியார் படித்துவிடுவார். நீங்கள் பூசிக்கொள்ளவும்.

என் விரல் களை பறித்து வீங்கவில்லை. பாடம் மறந்தால் வாத்தியார் கட்டையால் விரலில் அடிக்கிறார். பையன்களுக்கும் உண்டு. எனக்கு இரண்டு அடி கூட. பெண்ணுக்குப் படிப்பு வராது என்று ஊரில் சிரித்துவிடக் கூடாதாம். அம்மாவுக்குத் தெரியாது. சொன்னால் அழும். வாத்தியார் நன்றாகவும் சொல்லித்தருகிறார். 

எனக்குப் பெஞ்சியில் உட்கார ஆசை. நான் வந்துவிட்டால் அம்மா தனியாகக் காட்டைக் கொத்தும். அதனால் வரவில்லை. அம்மாவோடு சண்டை வேண்டாம். படித்துவிட்டு ஓலையை அடுப்பில் போட்டுவிடவும்.


சேலம்
கார்த்திகை 24

பாவாயிக்கு,

இந்தக் கடிதத்தை வாத்தியாரிடம் கொண்டுபோகாதே. சின்னக்கண்ணு படிக்கட்டும். காகிதமானாலும் எழுத்து ஒன்றுதான், அவளால் முடியும். நீ பக்கத்தில் உட்கார்ந்து கேள்.

ஓலைக்கு மை பூசினேன். எழுத்து வந்தது. ஒரு வரி கோணவில்லை. இப்படி எழுத எனக்கு இன்னும் பத்து வருஷம் ஆகும். கோழி கிளறியது என்று எழுதிய கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. குழந்தைக்குப் படிப்பு ஏறியிருக்கிறது என்று நீ சொன்னது சரி. சொன்னபடி வாயை மூடிக்கொள்கிறேன். தையில் அவளைக் கூட்டிப்போக வரமாட்டேன்.

ஆனால் நான் வருகிறேன். மேஸ்திரியிடம் சொல்லியாயிற்று. தை பிறப்பதற்குள் மலை ஏறிவிடுவேன். மாடு இல்லை. வெறுங்கையோடுதான் வருகிறேன், நீ கோபித்துக்கொள்ளாதே. மாடில்லாமல் கொத்திப் பிழைக்கலாம். எனக்கும் இங்கே அலுத்துவிட்டது.

நான் வரும்வரை குழந்தை பள்ளிக்கூடம் போகவேண்டாம். வாத்தியார் கேட்டால், "அவங்கப்பன் முரட்டு மனுசனுங்க, போகக்கூடாதுன்னு எழுதிட்டாருங்க" என்று பழியை என்மேல் போடு. மை பூசச் சொல்லி அவர் எழுதியதற்கு நான் நன்றி சொன்னதாகவும் சொல். வந்து நானே அவரைப் பார்த்துக்கொள்கிறேன். அவள் விரலுக்கு வேப்பெண்ணெய் தடவு.

இவ்வளவுதான்.

மாதேஸ்வரன்

கண்ணு, சத்தமாகப் படிப்பதை இங்கே நிறுத்திவிடு. கீழே இருப்பது உனக்கு மட்டும்.

அடுப்பில் போடச் சொன்னாய். மனசு வரவில்லை, என் மடியில்தான் இருக்கிறது. கிடங்கில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டவேண்டும் என்று ஆசையாக இருந்தது. காட்டமுடியவில்லை. வீங்கிய விரலால் இத்தனை வரி எழுதினாயே சாமி. நான் சண்டைக்காகக் கேட்ட ஓலை அது.

அம்மாவிடம் நீயாகச் சொல்கிறவரை நான் சொல்லமாட்டேன். சொன்னால் அழும்தான். அழுதால் நான் பக்கத்தில் இருப்பேன். பெஞ்சியைப் பற்றி அதற்கப்புறம் மூன்று பேரும் உட்கார்ந்து பேசுவோம்.

இன்னும் என்ன எழுதியிருக்கிறது என்று அம்மா கேட்கும். "அப்பா வாராராம்" என்று சொல்லு.