பாவமாம் குரங்கு

கார்த்திகை, ஞாயிறு இரவு.

கோபத்தில் தூக்கம் வரவில்லை. கொல்லையில் மக்காச்சோளம் முற்றுகிற நேரம். காலையிலிருந்து தகரத்தைத் தட்டித் தட்டிக் குரங்குகளை விரட்டினேன். கரியாலூர் அருவி பார்க்க வந்த ஒருத்தி, என் கொல்லையோரமே காரை நிறுத்தி பிஸ்கட் போட்டாள். ஓடிய கூட்டம் மொத்தமும் திரும்பி வந்துவிட்டது.

"போடாதீங்கம்மா" என்றேன்.

"பாவம், வாயில்லா ஜீவன். அத ஏன் இப்படி வெரட்டுற?"

எனக்கு மட்டும் வயிறு இல்லையா?

சற்று நேரத்தில் ஒரு பெரிய கடுவன் குரங்கு அவள் கைப்பையைப் பிடுங்கியது. "வெரட்டும்மா! அத வெரட்டு!" என்று அலறினாள்.

தகரத்தைக் கீழே வைத்தேன். "பாவம்ங்க, துன்னுக்கினு போவட்டும்."

கார் மலையிறங்கிப் போய்விட்டது. குரங்குகள் போகவில்லை. பொழுது சாய்வதற்குள் பாதிக் கொல்லையை ஒடித்துவிட்டன. முதலில் அந்தக் காரைத்தான் விரட்டியிருக்க வேண்டும்.