கேன்டீன் ஓரத்துக் கதவு

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பேசாமல் இருந்தது போதும். பதினோரு வருஷம். இனி எழுதித்தான் தீர வேண்டும்.

காலையிலிருந்து தூறல். கோர்ட்டில் இரண்டே வழக்கு. ஒன்று சைக்கிள் திருட்டு, இன்னொன்று வேலித் தகராறு. நாள் முழுக்க அடுத்தவர் சொன்னதை மொழி மாற்றிச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால், தங்கை புவனா பெயருக்கு விமானக் கம்பெனியின் கடிதம். திங்கட்கிழமை சிங்கப்பூரிலிருந்து லண்டன் போகிறாள். மலாக்கா ஆஸ்பத்திரியில் இத்தனை வருஷம் நர்ஸ். இப்போது பிரசவ நர்ஸ் படிப்பு.

கடிதத்தில் உள்ளது: விமான நிலையத்தில் கம்பெனியின் பகுதியை இடித்துக் கட்டுகிறார்கள். முன்வாசல் வழியாக வர வேண்டாம். இடப்பக்கம், கேன்டீன் ஓரத்துக் கதவு வழியாக வரவும். மூன்று மணி நேரம் முன்னதாக வரவும். அம்மை குத்திய சான்றிதழ் கையிலேயே இருக்கட்டும்.

கீழே கையெழுத்து. அந்தக் கடைசி எழுத்தின் வளைவை எங்கே கண்டாலும் தெரியும். மாணிக்கம்! (இனி மா. முழுப் பெயர் எழுத மசி வீண்.) இதே காஜா பெராங் தெருவில் எங்களுக்கு ஆறு வீடு தள்ளி இருந்தவன். கோர்ட்டில் எனக்குக் கீழே குமாஸ்தா. புவனாவுக்கும் அவனுக்கும் தாம்பூலம் மாற்றி, பத்திரிகை அடிக்கக் கொடுத்த பிறகு, "இந்தக் கல்யாணம் வேண்டாம்" என்று ஒற்றை வரி எழுதி அனுப்பிவிட்டு சிங்கப்பூர் போனவன். காரணம் கிடையாது. அந்த வெள்ளிக்கிழமை கோவிலில் என்னைப் பார்த்த பார்வைகள் ஒவ்வொன்றும் நினைவில் இருக்கிறது, யார் யார் என்பது உட்பட. அதன்பின் புவனா கல்யாணப் பேச்சையே எடுக்கவிடவில்லை. நர்ஸ் வேலைக்குப் போனாள். நானும் வேறு வழியில்லாமல் சம்மதித்தேன்.

கையெழுத்தை அவளிடம் காட்டினேன்.

"தெரியும்ணே. வழியெல்லாம் நல்லா வெளக்கமா எழுதியிருக்காருல்ல?"

அவ்வளவுதான். கோபப்படக்கூடத் தெரியாத பெண். அவளுக்கும் சேர்த்து நான்தான் படவேண்டியிருக்கிறது.

முடிவு: மா.வின் மேலதிகாரிக்கு ஒரு புகார். திங்கட்கிழமை ஒரு குறை அகப்பட்டால் போதும். அகப்படாமல் போகாது. தொடக்க வரி இப்போதே எழுதிவைத்தாயிற்று: "ஐயா, பேசாமல் இருந்தது போதும் என்பதால் இதை எழுதுகிறேன்." நல்ல வரி. என் கடிதங்களில் எப்போதும்போல் முழுப் பெயர், பதவி, முகவரி. மொட்டைக் கடிதம் கோழைகளின் வேலை.

இரவு சாப்பாடு: சுறாப் புட்டு. இரண்டு தடவை போட்டுக்கொண்டேன்.


ஆகஸ்ட் 7, வியாழன்

வெயில். பண்டார் ஹிலிர்த் திடலில் தோரணம் கட்டுகிறார்கள், மெர்டேக்கா (சுதந்திரம்) வந்து ஒரு வருஷம் ஆவதற்காக. தையல்கடையில் என் புதுக் கோட்டு வாங்கப் போனேன். தையல்காரன் மா.வுக்குச் சித்தப்பா மகன். நல்ல தையல், அதனால் அங்கேதான் கொடுக்கிறேன்.

"பசியாறிட்டீங்களா சார்? தங்கச்சி போற ஏர்போர்ட்லதான் எங்க அண்ணன் இருக்காரு, பாப்பீங்கல்ல?"

கோட்டின் பொத்தான்களை எண்ணினேன். அவனாகவே தொடர்ந்தான்.

"ரொம்ப சங்கடத்துல இருக்காரு சார். புதுக் கவுண்டர் தொறந்ததும் பாதிப் பேர நிப்பாட்டிருவாங்களாம். பிரயாணிங்க யாராச்சும் நல்லதா ரெண்டு வார்த்த எழுதிப் போட்டா பேரு நிக்குமாம். கெட்டதா ஒண்ணு வந்துச்சுனா போச்சு. ரெண்டு புள்ளைங்க வேற."

"கை நீளம் அரை அங்குலம் கூடுதலா இருக்கே" என்றேன்.

"இருக்கட்டும் சார், அடிச்சித் தரேன்."

கெட்டதாக ஒன்று. ஒன்று போதும் என்கிறான். வெளியே வந்து ஐஸ் போட்ட சென்டோல் சாப்பிட்டேன். இன்னொரு கிண்ணமும்.


ஆகஸ்ட் 10, ஞாயிறு

புழுக்கம். மூட்டை கட்டல். புவனாவின் பெட்டியில்: கம்பளிச் சட்டை 2, சேலை 6, ஊறுகாய் (எலுமிச்சை, மாங்காய்), மஞ்சள் தூள், பிளாச்சான் என்கிற இறால் விழுது ஒரு கட்டி (எட்டுத் துணியில் சுற்றியது, இருந்தும் நாறுகிறது), சாமி படம், நர்ஸ் புத்தகங்கள்.

திங்கட்கிழமை கிழக்கே சூலம் என்று என் மனைவி செல்லம் நேற்றிலிருந்து முனகல்.

"ஆகாசத்துல போறவளுக்குக் கிழக்கென்ன மேற்கென்ன அண்ணி?" என்றாள் புவனா.

"சிங்கப்பூர் வரைக்கும் ரோட்டுலதானேடி போறே?"

எனவே பரஸ்தானம். நல்ல நேரத்தில் பயணச் சாமான் ஒன்றைப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கியதாகிவிடும். மறுநாள் போகிறபோது எடுத்துக்கொண்டால் ஆயிற்று. சின்னப் பழுப்புப் பையை நானே கொண்டுபோனேன். வெறும் பையாக வைப்பது நன்றாயிராது என்று சீப்பு, கைக்குட்டை, அம்மைச் சான்றிதழ் மூன்றையும் உள்ளே போட்டேன். சான்றிதழ் கையோடு இருக்கட்டும் என்று கடிதமே சொல்கிறதே.

பக்கத்து வீட்டில் சிட்டிக் குடும்பம், தமிழ் மறந்து மலாய் பேசும் பழைய மலாக்கா இந்துக்கள். அந்த வீட்டு மாச்சிக் (பெரியம்மா மாதிரி) பையை வாங்கிச் சாமி மாடத்துக்குக் கீழே வைத்தார். விபூதி பூசிய நெற்றி, உடம்பில் கெபாயாச் சட்டை, வாயில் மலாய். "பெசோக் ஜாஙான் லூப்பா" என்றார், நாளைக்கு மறந்துவிடாதே என்று. சிரித்தேன். நான் எதையும் மறப்பதில்லை.


ஆகஸ்ட் 12, செவ்வாய்

நேற்றையதை இன்று எழுதுகிறேன். விடியற்காலை ஐந்துக்கு டாக்சி. செல்லம் வாசலோடு நின்றுகொண்டாள், நானும் புவனாவும் மட்டும். மூவாரில் ஆறு கடக்க டாக்சியோடு ஒரு பெரி, பத்து பகாட் ஊரில் இன்னொரு பெரி. இரண்டிலும் வரிசை. வழி நெடுகப் புகார்க் கடிதத்தின் வாக்கியங்களை மனசுக்குள் செதுக்கிக்கொண்டு வந்தேன். ஒரு மணிக்கு விமான நிலையம். விமானம் நான்கு மணிக்கு.

"கேன்டீன் ஓரம்னு போட்டிருந்துச்சேண்ணே" என்றாள் புவனா.

"அவன் சொன்ன வழியில நான் போவணுமா? முன்வாசல்னு ஒண்ணு எதுக்குக் கட்டிவெச்சிருக்கான்?"

போனோம். கோட்டுப் பையில் இருந்த நோட்டில் அங்கேயே குறித்தவை:

1. முன்வாசலில் மணல் குவியல். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும்.
2. அம்புக்குறி காட்டிய பக்கம் போனால் பலகைச் சுவர். அடுத்த அம்புக்குறி திரும்பவும் முதல் அம்புக்குறிக்கே கொண்டுவந்து விடுகிறது.
3. ஒலிபெருக்கியில் சொல்வதை ரம்பச் சத்தம் விழுங்கிவிடுகிறது.
4. ஈரப் பெயின்ட். வலது தோள். புதுக் கோட்டு.

சிவப்புத் துணி தலையில் கட்டிய சீனப் பெண்கள் கல் சுமந்தபடி எங்களைத் தாண்டி மூன்று முறை போனார்கள். மூன்றாவது முறை ஒருத்தி சிரித்தாள். எதிரே ஒரு பஞ்சாபிக் குடும்பம், தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டு. அந்தப் பெரியவர் என்னிடமே வழி கேட்டார். ஐம்பது நிமிஷம் போயிற்று. கடைசியில் காபி வாசனையைப் பிடித்துக்கொண்டு போனால் கேன்டீன், அதன் ஓரத்தில் ஒரு கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் மேசை, எடை மேடை, வரிசை, எல்லாம் ஒழுங்காக. மேசைக்குப் பின்னால் மா.

நரைத்துவிட்டான். சட்டைக் கையில் சுண்ணாம்பு. எழுந்து நின்றான்.

"வாங்க சார்."

"பிரயாணி இவ" என்றேன் சுவரைப் பார்த்து.

பாஸ்போர்ட் பார்த்தான், பெட்டி எடை போட்டான். "அம்மைச் சான்றிதழ்?"

புவனா என்னைப் பார்த்தாள். நான் என் கைகளைப் பார்த்தேன். பழுப்புப் பை மலாக்காவில், மாச்சிக் வீட்டுச் சாமி மாடத்துக்குக் கீழே.

ஐந்தாவது குறை எழுதவில்லை.

எனக்கு வாய் வரவில்லை. பத்தொன்பது வருஷம் கோர்ட்டில் மூன்று மொழி பேசியவன். புவனாதான் சொன்னாள், பரஸ்தானம் வைத்ததை. மா. சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்.

"அது இல்லாம ஏத்த மாட்டாங்க. இந்த இடத்த விட்டா அடுத்தது அடுத்த வாரந்தான்."

"அதுக்குள்ள படிப்பு ஆரம்பிச்சிரும். வேற ஆள எடுத்துருவாங்க" என்றாள் புவனா. அவள் குரல் நடுங்கி நான் கேட்டதில்லை. உடனே தன்னையே அதட்டிக்கொண்டாள். "எனக்கு ஏற்கனவே குத்தினதுதான். மறுபடி கீறினா இன்னிக்கே செல்லும். டாக்டர் இருக்காரா?"

"இருக்காரு. ரூமத்தான் மாத்திட்டாங்க. வாங்க ரெண்டு பேரும்."

அடுத்த மேசைக்காரனிடம் வரிசையை ஒப்படைத்துவிட்டு முன்னால் ஓடினான். சாரத்துக்கு அடியில், சிமென்ட் மூட்டைக்கு நடுவில், சமையற்கட்டுக்குள் புகுந்து அந்தப் பக்கம். எங்கே பலகை ஆடும், எங்கே பெயின்ட் ஈரம் என்று கத்திக்கொண்டே போனான். டாக்டர் அறை பூட்டியிருந்தது. கேன்டீனில் மீன் தலைக் கறியோடு உட்கார்ந்திருந்தவரை எழுப்பிக் கூட்டிவந்தான். என்ன சொல்லி எழுப்பினானோ, டாக்டர் கை கழுவிக்கொண்டே ஓட்டமாக வந்தார். டிரெஸ்ஸர் ஊசியை எடுத்ததும் புவனா, "அப்படியா பிடிப்பாங்க? அழுத்தாதீங்க, லேசா" என்று அவனுக்குப் பாடம் எடுத்தாள். முத்திரை விழும்போது மூன்று அடிக்கப் பத்து நிமிஷம்.

பிரயாணிகள் காத்திருக்கும் இடம் ஒரு பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம். வழியனுப்புகிறவர்கள் இந்தப் பக்கம். புதுப் பலகை, இடுக்கு விட்டு அடித்தது. அதில் சாய்ந்து மூச்சு வாங்கினேன். ரம்பம் நின்றது. நின்றதும் புவனா குரல், காதுக்கு ஒரு முழத்தில்.

"ரொம்பக் கஷ்டப்படுத்திட்டோம்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. அண்ணன்கிட்ட இன்னுமா சொல்லல?" மா.வின் குரல்.

"எப்படிச் சொல்றது? ஒங்களத் திட்டலன்னா அவருக்குச் சோறு எறங்காது."

"திட்டட்டும், விடு. பழகிப்போச்சு."

"நான்தானே எழுதினேன், நர்ஸ் படிக்கணும், நீங்களே வேணாம்னு சொல்லிருங்கன்னு. நான் சொல்லியிருந்தா அண்ணன் கட்டாயப்படுத்தியிருப்பாரு. பழிய நீங்க சுமந்தீங்க. ஊரையும் விட்டுட்டீங்க."

"படிச்சியா? இப்ப லண்டன் போறியா? அப்புறமென்ன?"

"ஒங்க வீட்டுல சொல்லியிருக்கீங்களா?"

"மொத நாளே. பேசி முடிச்ச பொண்ண விட்டவன்னு யாராச்சும் சொன்னா அவ முன்னாடி நிப்பா."

ரம்பம் திரும்ப ஓடியது.

எவ்வளவு நேரம் நின்றேன், தெரியாது. பலகைக்கு மேலே புவனாவின் கை தெரிந்தது, கட்டோடு. "அண்ணே! அங்கயா இருக்கீங்க?"

"இப்பத்தான் வந்தேன்" என்றேன்.

"அழுவாதீங்கண்ணே."

"பெயின்ட் வாசம். கண்ணு எரியுது. ஊறுகாய பத்திரமா வெச்சிக்க."

பிறகு மா. வந்து மாடிக்குக் கூட்டிப்போனான். மேல் தளம் வேலை முடியவில்லை, கைப்பிடி இல்லை. அவன் எனக்கு வெளிப்பக்கமாக நின்றுகொண்டான். விமானத்தின் படியேறும்போது புவனா திரும்பிக் கையாட்டினாள். இரண்டு பேருக்குமாக.

ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. "கேன்டீன் ஓரம்னு கடிதத்துல சரியாத்தான் போட்டிருந்தே."

"படிச்சீங்களா சார்?"

"படிச்சேன்."

"படிச்சிட்டா முன்வாசல்ல வந்தீங்க?"

சிரிப்பு வந்துவிட்டது. இருவருக்கும். "சார்னு கூப்பிடாதே" என்றேன்.

"பின்ன எப்படிக் கூப்பிடுறது?"

அதற்கு நான் ஏற்பாடு செய்து வைத்திருக்கவில்லை.


ஆகஸ்ட் 14, வியாழன்

நல்ல மழை. தந்தி வந்தது: சேர்ந்தேன், சௌக்கியம், குளிர், கை அரிக்கிறது. செல்லம் பாயசம் வைத்தாள். சூலத்தை ஜெயித்தது பரஸ்தானம்தான் என்கிறாள். மறுக்கவில்லை. மாச்சிக் பழுப்புப் பையைக் கொண்டுவந்து கொடுத்தார், "லூப்பா?" (மறந்தாயா?) என்று மட்டும் கேட்டு.

பதினோரு வருஷக் கோபத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இறக்கிவைக்க இடமில்லை. புவனா மீது வைத்துப் பார்த்தேன், உட்காரவில்லை. என்னிடம் சொல்லப் பயந்தாளே என்பதுதான் இருக்கிறது. அது கோபம் இல்லை. வேறென்னவோ. (கோவில் கமிட்டித் தலைவர், தலைமைக் குமாஸ்தா, மேல்வீட்டுச் சேவல் ஆகியோர் மீதுள்ளது அப்படியே இருக்கிறது.)

நன்றாகத் தூங்குகிறேன். அதுதான் வியப்பு.


ஆகஸ்ட் 16, சனி

வெயில், காற்று. அரை நாள் கோர்ட். மதியம் கடிதத்தை எடுத்தேன். தொடக்க வரியை மாற்றவில்லை. "ஐயா, பேசாமல் இருந்தது போதும் என்பதால் இதை எழுதுகிறேன்." அதற்குக் கீழே நடந்ததை எழுதினேன். கடிதத்தில் வழி சரியாக இருந்தது, தவறு பிரயாணியின் குடும்பத்தார் செய்தது, உங்கள் ஊழியர் ஓடினார், டாக்டரைச் சாப்பாட்டிலிருந்து எழுப்பினார், ஒரு பெண்ணின் படிப்பு தப்பியது. இப்படிப்பட்டவரை நிறுத்தினால் புதுக் கவுண்டர் எதற்கு என்று முடித்தேன். இங்கே மட்டும் பேரை முழுசாக எழுதினேன். மாணிக்கம்.

கையெழுத்துப் போடப் பேனாவை வைத்தேன். எடுத்தேன். என் பெயரைப் பார்த்தால் மேலதிகாரி அவனைக் கூப்பிட்டுக் காட்டுவார். பதினோரு வருஷம் திட்டியவன் திடீரென்று புகழ்ந்தால், நான் பலகைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டது அவனுக்குப் புரியும். அவன் புவனாவுக்கு எழுதுவான். அவர்கள் இத்தனை காலம் எனக்காகப் பொத்திவைத்ததை நான் ஒரு கையெழுத்தில் அவிழ்ப்பதா? அவள் தானாகச் சொல்லட்டும். சொல்லாவிட்டாலும் சரி. பேர் இல்லாவிட்டால் வரிசையில் நின்ற யாரோ எழுதியதென்று போகும்.

கையெழுத்தில்லாத கடிதம் எத்தனை பேர் வேலையைப் பறித்ததென்று கோர்ட்டில் பார்த்திருக்கிறேன். ஒன்று வேலையைக் காப்பாற்றியும் பார்க்கட்டும்.

பேர் இல்லை, பதவி இல்லை, முகவரி இல்லை. உறை ஒட்டியாயிற்று. ஐந்து மணித் தபால் எடுப்பதற்குள் இப்படியே போட்டுவிடப் போகிறேன்.