வெந்நீர்க் குளத்தில் அப்பா

அன்புள்ள அம்மா,

உன் மூட்டுவலி குறைந்ததா? லிஸ்பனில் நான் நலம். நேற்று ஆய்வகத்தில் ஒரு கண்ணாடித் தகடு கைதவறி உடைந்து விரலைக் கீறியது, வேறொன்றுமில்லை.

அதில் ஒட்டியிருந்தது அப்பாவுக்கு வந்த அதே நோயில் இறந்தவரின் மூளைச் சீவல். உடன் வேலை செய்யும் இனேஷ் ஒரு வெளிறிய திட்டைக் காட்டினாள். "நரம்புக்கு உறை போடுற கிளியா செல்லெல்லாம் இங்க செத்துப்போச்சு. உடம்பு சூடேறினா மூளை அனுப்புற செய்தி இதைத் தாண்டாது, காலு அசையாதுடி." அப்போதுதான் தகடு என் கையிலிருந்து நழுவியது.

பெரிய மருத்துவமனையில் நோயின் பெயரை மட்டும் சொல்லி அனுப்பினார்கள். ஏழைக்கு விளக்கம் எதற்கு? குணமாகும் என்று நம்பி ஞாயிறுதோறும் அவரை நம் ஊர் வெந்நீர் ஊற்றுக் குளத்தில் இறக்கினோம். ஈஸ்டரன்று எழ முடியாமல், "காலு லீவு போட்டுருச்சு மகளே" என்று சிரித்தார். "நடிக்காதீங்கப்பா, ஊரே பாக்குது" என்று கத்தினேன்.

இனி அவருக்கு வெந்நீர் வேண்டாம். கோணலாக இருந்தாலும் அவர் கையெழுத்தில் ஒரு வரி எழுதி அனுப்பச் சொல். நீ மட்டும் ஒருமுறை குளத்துக்குப் போ. தண்ணீரில் நின்று சதுரங்கம் ஆடும் அவர் நண்பர்கள் அன்று நான் கத்தியதைக் கேட்டார்கள். அவர் நடிக்கவில்லை என்று அவர்களிடம் சொல். அதற்கு முன் அவரிடம் சொல்.

ஆய்வகத்தைப் பூட்டப்போகிறார்கள், கிளம்புகிறேன்.

எமெஷெ